ஒயர் இல்லாத டிரில் மெஷின்: அதன் உண்மையான வரலாறு

முன்னுரை

வினாடி வினாப் போட்டிகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "விண்வெளி ஆராய்ச்சியின் பயனாக நம் வீட்டுக்கு வந்த பொருள்கள் மூன்றைச் சொல்லுங்கள்." பதிலும் சட்டென்று வரும்: டெஃப்லான், வெல்க்ரோ, ஒயர் இல்லாத டிரில் மெஷின். மதிப்பெண்ணும் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் மூன்றுமே தவறு! டெஃப்லானை 1938-ல் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ராய் பிளங்கெட் கண்டுபிடித்தார். வெல்க்ரோ சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ராலின் கண்டுபிடிப்பு. நாசா தொடங்கப்பட்டது 1958-ல்தான். அதற்கு முன்பே இந்த இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதான டிரில் மெஷின் பற்றி நாசாவே "நாங்கள் கண்டுபிடிக்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இருந்தும் கதை நிற்கவில்லை.

அப்படியென்றால் உண்மையில் அதைக் கண்டுபிடித்தது யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஒரு பெயரில் போய் முடியாது. கல் மணியில் துளையிட்டவர்கள், திருகாணிக்குத் தலை அமைத்தவர்கள், பேட்டரி செய்தவர்கள், அந்தப் பேட்டரிக்கான உலோகத்தால் நோய் வந்து துடித்தவர்கள் என்று பலர் இந்தக் கதையில் வருகிறார்கள். அவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு "நாசா" என்று ஒரே சொல்லில் பதில் எழுதுவது நியாயமா? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வில்லும் கயிறும்

துளை போடுவது மனிதனின் மிகப் பழைய தொழில்களில் ஒன்று. இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற இடம் இருக்கிறது. அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள் 2006-ல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில், உயிரோடு இருக்கும்போதே துளை போடப்பட்டிருந்தது! காலம் சுமார் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன். மணி கோக்கும் தொழிலாளர்கள் பயன்படுத்திய கூர்மையான கல் முனையையே பல்லுக்கும் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதே மாதிரி ஒரு கருவியைச் செய்து பார்த்தபோது, ஒரு நிமிடத்துக்குள் பல்லில் துளை விழுந்துவிட்டதாம்.

அந்தக் கருவிக்கு வில் துரப்பணம் என்று பெயர். ஒரு குச்சியின் நுனியில் கல் முனை. குச்சியைச் சுற்றி வில்லின் நாண். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழலும். பழைய எகிப்தின் கல்லறை ஓவியங்களில் தச்சர்கள் இதை வைத்து வேலை செய்யும் காட்சிகள் இருக்கின்றன. சிந்துவெளி மக்கள் நீளமான சிவப்புக் கார்னீலியன் மணிகளில் துளையிட்டதும் இந்த வழியில்தான். ஒரு நீள மணியைத் துளைத்து முடிக்கப் பல நாள் பிடிக்கும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் பழைய மணி செய்யும் தொழிற்கூடங்கள் அகழாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன.

நம் மொழியில் துரப்பணம், தமர், தமரூசி என்று துளைக்கும் கருவிக்கு இத்தனை பெயர்கள் இருப்பதைக் கவனியுங்கள். டிரில் மெஷின் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் தச்சர்கள் கையில் இந்த வேலை இருந்தது என்பதற்குச் சொற்களே சாட்சி.

வில் துரப்பணத்தில் ஒரு குறை உண்டு. முன்னே இழுக்கும்போது ஒரு பக்கமும், பின்னே இழுக்கும்போது எதிர்ப்பக்கமும் சுழலும். ஒரே திசையில் விடாமல் சுழல வேண்டுமானால் வளைந்த கைப்பிடி வேண்டும். ஐரோப்பாவில் அது 15-ம் நூற்றாண்டில் தச்சர்களிடம் வந்துவிட்டது. நியூயார்க்கில் உள்ள மெரோட் பீட ஓவியம் 1427-32 காலத்தைச் சேர்ந்தது. அதில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான தச்சர் யோசேப்பு அப்படிப்பட்ட ஒரு கருவியால் பலகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஓவியரிடம் அதைக் காட்டியது ஏதோ ஒரு நிஜத் தச்சராகத்தான் இருக்க வேண்டும்!

துளைக்கும் ஊசியின் வடிவம் மாறியது இன்னும் பிற்காலத்தில். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் முறுக்கு வடிவ டிரில் பிட்டுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863-ல் காப்புரிமை பெற்றார். முறுக்கு எதற்கு? துளைக்கும்போது உண்டாகும் தூளையும் சீவலையும் அது தானாக வெளியே தள்ளிவிடும். இல்லையென்றால் பிட் உள்ளேயே சிக்கிச் சூடாகிவிடும்.

திருகாணியின் கதை

துளை போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி திருகாணியை உள்ளே ஏற்றுவது. நாம் ஸ்க்ரூ என்று சொல்லும் அதே திருகாணிதான்.

முன்காலத்தில் ஒவ்வொரு திருகாணியையும் கையால் அரம் வைத்து ராவித்தான் செய்தார்கள். அதனால் விலை அதிகம். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. 1760-ல் இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்ற சகோதரர்கள் மரத்துக்கான திருகாணியை இயந்திரத்தில் செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். அப்போதும் அதன் நுனி மொட்டையாகவே இருந்தது. எனவே முதலில் துளை போட்டுத்தான் திருக முடியும். கூரான நுனி பரவலாக வந்தது 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்.

அடுத்த தலைவலி திருகாணியின் தலை. தலையில் ஒற்றைக் கோடு போட்ட திருகாணியில் திருப்புளி வழுக்கும். வழுக்கினால் கையைக் குத்தும். கனடாவைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன் என்ற வியாபாரி அப்படித்தான் கையைக் காயப்படுத்திக்கொண்டார் என்று சொல்வார்கள். 1908-ல் அவர் சதுரக் குழி கொண்ட திருகாணியைச் செய்தார். திருப்புளி அதில் கச்சிதமாக உட்காரும். ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு அதை விரும்பினார். ஆனால் உரிமை முழுவதும் தனக்கே வேண்டும் என்று கேட்டார். ராபர்ட்சன் மறுத்துவிட்டார். அதனால்தானோ என்னவோ அந்தத் திருகாணி கனடாவுக்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை.

அந்த இடத்தைப் பிடித்தது நாம் "ஸ்டார்" என்று சொல்லும் கூட்டல் குறித் தலை. ஜான் தாம்ப்சன் என்பவருடைய யோசனையை வாங்கி மேம்படுத்திக் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பிலிப்ஸ். 1936-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தியது. திருப்புளியின் நுனி தானாகவே நடு மையத்துக்கு வந்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. கையால் திருகும்போது கண் பார்த்து நுனியைக் கோட்டில் வைக்கலாம். மெஷினால் வேகமாகத் திருகும்போது அதற்கு நேரமில்லை. ஆக, இந்தத் தலை வந்திருக்காவிட்டால் மெஷின் வைத்துத் திருகாணி ஏற்றுவது இவ்வளவு எளிதாகியிருக்காது.

சுவருக்குத் திருகாணி போடுவதிலும் ஒரு கதை இருக்கிறது. செங்கல் சுவரில் திருகாணி நிற்காது. முன்பெல்லாம் சுவரை உளியால் குடைந்து மரக்கட்டையை அடித்து, அதில்தான் திருகுவார்கள். 1911 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மின் சாதனங்கள் பொருத்தும் வேலை வந்தது. சுவர் பாழாகாமல் அதைச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலைக்காக ஜான் ராலிங்ஸ் என்பவர் சிறிய நார்க் குழல் ஒன்றைச் செய்தார். துளையில் அதைச் செருகித் திருகாணியை ஏற்றினால் குழல் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். இன்று ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் ராவல் பிளக் அவர் பெயரால் வந்ததுதான்!

மின்சாரம் வந்தது

1889-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெய்ன் ஆகிய இருவரும் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாறையைத் துளைக்கவும் நிலக்கரி தோண்டவும் செய்யப்பட்ட பெரிய கருவி அது. கையில் தூக்கிக்கொண்டு போகிற சமாச்சாரம் அல்ல.

கையில் பிடிக்கக்கூடிய மின்சார டிரில் 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனத்தில் உருவானது. எடை சுமார் 7.5 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் வேலை செய்த தொழிலாளியின் தோள்பட்டையை நினைத்துப் பாருங்கள்.

1910-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரு இளைஞர்கள் தொழில் தொடங்கினார்கள். ஒருவர் தன் பழைய காரை 600 டாலருக்கு விற்றார். இன்னொருவர் வீட்டின் பேரில் 600 டாலர் கடன் வாங்கினார். மொத்த முதல் 1,200 டாலர்! பால் பாட்டில் மூடி செய்யும் இயந்திரம் போன்றவற்றைத்தான் முதலில் செய்துகொடுத்தார்கள். பிறகு கைத்துப்பாக்கி மாதிரி பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட டிரில்லை உருவாக்கினார்கள். 1917-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதற்குப் பிறகுதான் ஒரே கையால் பிடித்து, அதே கையின் விரலால் நிறுத்தவும் ஓட்டவும் முடிந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இன்று விற்கும் டிரில் மெஷின்கள் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர். விமானத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் டிரில்களை வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறார்கள் என்ற புகார் வந்ததாம். மற்றவர்களுக்கு அது திருட்டாகத் தெரிந்தது. டெக்கரின் மகனான அலோன்சோ டெக்கர் ஜூனியருக்கோ, சாதாரண மக்கள் வீட்டு வேலைக்கும் டிரில்லை விரும்புகிறார்கள் என்பது புரிந்தது. 1946-ல் வீட்டு உபயோகத்துக்கான டிரில் 16.95 டாலர் விலைக்கு வந்தது. அதுவரை தொழிற்சாலைக்குள் இருந்த கருவி வீட்டுக்கு வந்துவிட்டது.

1961: ஒயர் போயிற்று

வீட்டுக்கு வந்த டிரில்லுக்கு நீளமான வால் இருந்தது. ஒயர்! வீடு கட்டும் இடத்தில் கரண்ட் இருக்காது. கூரை மேல் ஏறினால் ஒயர் எட்டாது. மழை ஈரத்தில் ஒயர் கிழிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு வழி ஸ்வீடனில் முன்பே பிறந்திருந்தது. 1899-ல் வால்டெமர் யுங்னர் என்பவர் நிக்கலும் காட்மியமும் சேர்ந்த பேட்டரியைக் கண்டுபிடித்தார். மறுபடி மறுபடி சார்ஜ் செய்யலாம். 20-ம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கசியாதபடி மூடி, சிறிய செல்லாகச் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். அந்தச் செல்களை வைத்து 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் ஒயர் இல்லாத டிரில்லை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஒயர் இல்லாமல் செடி வெட்டும் கருவியையும் கொண்டுவந்தது.

அந்த முதல் டிரில் பலமானது என்று நினைத்துவிடாதீர்கள். சுவர் பிளக்கில் ஓடும் டிரில் சில நூறு வாட் எடுத்துக்கொள்ளும். அன்றைய செல்களால் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தர முடிந்தது. எனவே பொறியாளர்கள் முன் இருந்த கேள்வி, "குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை வாங்குவது எப்படி?" என்பதுதான். மோட்டாரையும் பல்சக்கரங்களையும் வீணாகாதபடி அமைப்பதில் அவர்கள் கவனம் போயிற்று.

ஜப்பானின் மகிடா நிறுவனம் 1969-ல் சார்ஜ் செய்யும் டிரில்லைக் கொண்டுவந்தது. 1978-ல் நிக்கல் காட்மியம் பேட்டரி கொண்ட டிரில்லை விற்கத் தொடங்கியது. அதன் பிறகு, தொழில் முறையில் வேலை செய்பவர்களும் இதை நம்பி வாங்க ஆரம்பித்தார்கள்.

நிலவில் துளை

இப்போது நாசாவுக்கு வருவோம். அவர்களுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

விண்வெளியில் ஒரு போல்ட்டைத் திருக நினைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்று நியூட்டன் சொன்னாரே... போல்ட் சுழல்வதற்குப் பதில் ஆளே சுழன்றுவிடுவார்! இதைத் தவிர்க்கும் கருவி ஒன்று 1960களில் ஜெமினித் திட்டத்துக்குத் தேவைப்பட்டது. மார்ட்டின் மரியெட்டா நிறுவனம் அந்த வேலைக்குப் பிளாக் அண்ட் டெக்கரைத் தேடி வந்தது. ஏன் அவர்களிடம் வந்தது? ஒயர் இல்லாத டிரில்லை அவர்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்பதால்தான். எது முன், எது பின் என்பது இங்கே தெளிவாகிவிடுகிறது.

அடுத்து நிலவு டிரில். நிலவின் தரையைத் துளைத்து ஆழத்திலுள்ள மண்ணை எடுக்கவும், துளைக்குள் வெப்பமானி இறக்கவும் ஒரு டிரில் தேவைப்பட்டது. 1971-ல் அப்போலோ 15-ல் டேவிட் ஸ்காட் அதை இயக்கினார். நிலவு அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கவில்லை. வெப்பமானிக்கான துளைகள் திட்டமிட்ட சுமார் 3 மீட்டர் ஆழத்தை எட்டவில்லை. இன்னொரு துளையில் சுமார் 2.4 மீட்டர் வரை இறங்கி மண் எடுத்தார்கள். ஆனால் குழாய் உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து, உடல் பலம் முழுவதையும் போட்டு அதை வெளியே இழுத்தார்கள்.

1972-ல் அப்போலோ 16-ல் குழாயின் வடிவத்தைத் திருத்தி எடுத்துப்போனார்கள். துளை நன்றாகவே விழுந்தது. ஆனால் ஜான் யங்கின் கால் தடுக்கி வெப்பமானியின் கேபிள் பிய்ந்துபோனது. அந்தப் பரிசோதனையே போயிற்று! ஒயர் இல்லாத டிரில்லைக் கொண்டுபோனவர்களை அங்கேயும் ஒயர் கவிழ்த்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அப்போலோ 17-ல்தான் எல்லாம் சரியாக நடந்தது.

இந்த வேலைக்காகக் குறைந்த மின்சாரத்தில் நன்றாக ஓடும் மோட்டாரைக் கணினியின் உதவியோடு வடிவமைத்தார்கள். அந்த அனுபவம் பிறகு வீட்டுச் சாமான்களுக்குப் பயன்பட்டது. 1979-ல் வந்த கையடக்கத் தூசு உறிஞ்சியான டஸ்ட்பஸ்டர் அதற்கு உதாரணம். எனவே "நாசா கண்டுபிடித்தது" என்பது தவறு, "நாசாவின் தேவை அதை மேம்படுத்த உதவியது" என்பது சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது அல்ல.

துளைப்பது வேறு, திருகுவது வேறு

இந்த மெஷினை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறோம். ஆனால் இரண்டும் நேர் எதிரான வேலைகள். துளை போட வேகம் வேண்டும். திருகாணி ஏற்ற முறுக்கு விசை வேண்டும், வேகம் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் பல மெஷின்களின் தலையில் 1, 2 என்று கியர் இருக்கிறது. 1 திருகாணிக்கு, 2 துளைக்கு.

முன்பக்கம் எண்கள் போட்ட வளையம் ஒன்றும் இருக்கும். அதுதான் கிளட்ச். திருகாணி முழுவதும் உள்ளே போனதும் "டக் டக்" என்று சத்தம் வந்து சுழற்சி விட்டுவிடும். இது இல்லையென்றால் திருகாணியின் தலை மழுங்கும், அல்லது மரத்துக்குள் புதைந்து போகும். சிறிய எண்ணில் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுவதே நல்ல பழக்கம். துளை போடும்போது வளையத்தை டிரில் படம் உள்ள இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

தச்சர்கள் கடின மரத்தில் முதலில் சிறு துளை போட்டு, பிறகே திருகாணியை ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். துளை, திருகாணியின் நடுத்தண்டு அளவுக்கு இருந்தால் போதும். மரை மட்டும் மரத்தைக் கடித்துப் பிடிக்கும், மரம் வெடிக்காது. வில் துரப்பணக் காலத்துப் பாடம் இன்றும் பழசாகவில்லை!

இதன் தம்பியாக வந்ததுதான் இம்பாக்ட் டிரைவர். திருகாணி இறுகத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் சிறு சுத்தியல் சுழலும் திசையிலேயே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள் கொடுக்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியை மெஷினாக்கியது போல இருக்கும். கைக்கு வரும் உதறலும் குறைவு.

எவ்வளவு நவீன மெஷின் இருந்தாலும் மழுங்கிய திருகாணி மழுங்கியதுதான். 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க விண்வெளி வீரர்கள் போனார்கள். ஒரு கருவியின் மூடியில் 111 சிறு திருகாணிகள்! அதைக் கழற்றத் தனியாகப் பேட்டரி திருப்புளி செய்து கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய கைப்பிடியின் ஒரு போல்ட் மழுங்கிப்போய் வர மறுத்தது. கடைசியில் மைக் மாசிமினோ அந்தக் கைப்பிடியைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். அதன் பிறகுதான் 111 திருகாணிகளும் கழன்றன. நம் தெருத் தச்சர் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

பேட்டரிக்குப் பின்னால்

இந்த வரலாற்றில் இனிப்பான பக்கம் மட்டும் இல்லை.

காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் தொயாமா பகுதியில் கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு வலுவிழந்து முறிந்தது. "வலிக்குதே, வலிக்குதே" என்று பொருள்படும் "இத்தாய் இத்தாய்" என்பதுதான் நோயின் பெயர். காரணம் காட்மியம் என்று ஜப்பான் அரசு 1968-ல் ஏற்றுக்கொண்டது. அது டிரில் பேட்டரியால் வந்த கேடு அல்ல. ஆனால் அதே உலோகத்தைத்தான் பல ஆண்டுகள் ஒவ்வொரு டிரில்லின் கைப்பிடியிலும் வைத்து விற்றார்கள். தேய்ந்துபோன பேட்டரிகள் குப்பைக்குப் போயின.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் சிறு சாதனங்களில் காட்மியம் பேட்டரிக்குத் தடை கொண்டுவந்தபோது, ஒயர் இல்லாத கருவிகளுக்கு விலக்கு அளித்தது. மாற்று இன்னும் முழுதாகத் தயாராகவில்லை என்ற வாதம் இருந்தது. அந்த விலக்கு 2016 இறுதியோடு முடிந்தது.

மாற்றாக வந்தது லித்தியம் அயான். சோனி நிறுவனம் 1991-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் அமைத்த விட்டிங்ஹாம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2003-ல் போஷ் நிறுவனத்தின் இக்சோ என்ற சின்னத் திருப்புளியில் லித்தியம் வந்தது. 2005-ல் பெரிய டிரில்களுக்கும் வந்துவிட்டது. ஒரு நிக்கல் காட்மியம் செல் 1.2 வோல்ட் தரும், லித்தியம் செல் 3.6 வோல்ட் தரும். 18 வோல்ட் வேண்டுமானால் முன்பு 15 செல்களைக் கோக்க வேண்டும், இப்போது 5 போதும். எடை குறைந்ததற்கு இதுதான் காரணம்.

லித்தியத்துக்கும் பின்பக்கம் உண்டு. பல லித்தியம் பேட்டரிகளில் சேரும் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வது பலமுறை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

இன்னொரு பிரச்சினை வாங்குபவர்களுக்கு. பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் மெஷினில் பொருந்தாது. மோட்டார் நன்றாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும். புதுப் பேட்டரி விலையைக் கேட்டால் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அல்லது அந்த மாடல் பேட்டரியே கடையில் கிடைக்காது. நாள் கூலிக்கு வேலை செய்யும் ஒரு தச்சருக்கு இது சின்ன இழப்பு அல்ல. பழைய கை டிரில்லைத் தாத்தாவுக்குப் பின் அப்பாவும், அப்பாவுக்குப் பின் மகனும் பயன்படுத்த முடிந்தது. இதை அப்படிக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? ஒயரிலிருந்து விடுதலை கொடுத்த மெஷின் பேட்டரியிடம் நம்மைக் கட்டிப் போட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் சில கம்பெனிகள் கூடி ஒரே பேட்டரியைப் பொதுவாகப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி. அது எல்லாக் கம்பெனிகளுக்கும் பரவ வேண்டும்.

முடிவுரை

மெஹர்கரின் கல் முனை, யோசேப்பின் கையில் உள்ள வளைந்த பிடி, மோர்ஸின் முறுக்கு, பிலிப்ஸின் தலை, ராலிங்ஸின் குழல், டெக்கரின் விசை, யுங்னரின் பேட்டரி... இன்று ஒரு தச்சர் அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்ட இந்த மெஷினைக் கையில் எடுக்கும்போது, இத்தனை பேருடைய உழைப்பும் அவர் கைக்குள் இருக்கிறது. இவற்றில் எந்த ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் மெஷின் இந்த வடிவத்தில் இருந்திருக்காது.

அடுத்த முறை வினாடி வினாவில் அந்தக் கேள்வி வந்தால் "நாசா" என்று எழுதாதீர்கள். நடுவர் மதிப்பெண் தராவிட்டால் பரவாயில்லை, 1961 என்ற ஆண்டைச் சொல்லி வாதாடுங்கள். அதோடு, உங்கள் வீட்டில் செத்துப்போன பேட்டரி ஏதாவது கிடந்தால் அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஜின்சு ஆற்றங்கரை மக்களின் கதையைப் படித்த பிறகு அந்த அளவாவது நாம் செய்ய வேண்டாமா?